வாதம் வளர்த்த விழா – 7: காவி கட்டிய நடுவர்

சென்ற வாரம் சேலத்தில் நிறுத்தியிருந்தோம். 1943 மார்ச் 14. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தலாமா, கூடாதா என்ற வழக்கில் ஒரு பக்கம் அண்ணா. எதிர்ப்பக்கம் நாவலர் சோமசுந்தர பாரதியார். அதற்கு ஒரு மாதம் முன்பு, பிப்ரவரி 9 அன்று, சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்தில் இதே வழக்கு. அங்கே அண்ணாவுக்கு எதிரே நின்றவர் ரா.பி. சேதுப்பிள்ளை. இரண்டு சொற்போர்களும் ‘தீ பரவட்டும்’ என்ற பெயரில் நூலாகி ஊர் ஊராகப் போயின.

காரைக்குடிக் கம்பன் கழகத்துக்கு அப்போது நான்கு வயது. 1939 ஏப்ரல் 2, 3 தேதிகளில் ரசிகமணி டி.கே.சி. தலைமையில் முதல் கம்பன் விழா நடந்ததையும், சா. கணேசன் என்ற காங்கிரஸ் தொண்டர் ‘கம்பன் அடிப்பொடி’ ஆனதையும் முந்தைய பகுதிகளில் பார்த்தோம்.

கம்பனுக்கு விழா எடுக்கும் ஊர் ஒன்று. கம்பனை எரிக்கச் சொல்லும் மேடைகள் நூறு. இந்த இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதுதான் இந்த வாரக் கதை. அதைச் சொல்ல காரைக்குடியிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி, மயிலாடும் ஒரு குன்றின் அடிவாரத்துக்குப் போக வேண்டும்.

* * *

பங்குனி பிறந்துவிட்டால் இந்த வட்டாரத்துக்கு இரண்டு திருவிழா.

குன்றக்குடியில் சண்முகநாதர் சந்நிதிக்குக் காவடிகள் ஏறும். உத்திரத்தன்று மலைப்படியில் கால் வைக்க இடம் இருக்காது. அதே நாட்களில் காரைக்குடியில் கம்பன் விழா. மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் காரைக்குடியில். நான்காம் நாளான அத்தத் திருநாள், கம்பன் அடங்கிய இடமென்று போற்றப்படும் நாட்டரசன்கோட்டையில். கம்பன் தன் காவியத்தைத் திருவரங்கத்தில் அரங்கேற்றியது சக ஆண்டு 807, பங்குனி அத்தம் என்று ஒரு பழைய தனிப்பாட்டு சொல்கிறது. அந்தக் கணக்கில் வைத்த நாட்கள் இவை. நாட்டரசன்கோட்டைச் சமாதி மண்ணை எடுத்துக் குழந்தைகளின் நாவில் தடவினால் தமிழ் வரும் என்ற நம்பிக்கை அந்தப் பக்கத்தில் இன்றும் உண்டு.

தொடக்க ஆண்டுகளில் கம்பன் விழா என்றால் சொற்பொழிவு. டி.கே.சி. பேசினால் ஒரு பாட்டை ஒரு மணி நேரம் அனுபவிப்பார். கேட்பவர்கள் சொக்கிப் போவார்கள். கவியரங்கம் வந்தது, மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டிகள் வந்தன. குறித்த நேரத்தில் விழா தொடங்கும், குறித்த நேரத்தில் முடியும். தலைமை தாங்குபவர் எவ்வளவு பெரியவரானாலும் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவர்தான். இதில் சா.க. கறார்.

எல்லாம் சரி. ஆனால் அங்கே வந்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும் கம்பனை ஏற்கெனவே நேசித்தவர்கள்.

பந்தலுக்கு வெளியே காலம் வேறாக இருந்தது. அண்ணாவின் ‘கம்பரசம்’ இளைஞர்கள் கையில் புழங்கியது. 1946இல் புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ வந்தது. 1948இல் அரசு அதற்குத் தடை போட்டது; தடை நீங்க 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தடை போட்டால் கேள்வி ஓய்ந்துவிடுமா? இராமன் மறைந்து நின்று அம்பு எய்தானே, அது அறமா? சீதையைத் தீயில் இறங்கச் சொன்னானே, அது முறையா? டீக்கடையில், கல்லூரி விடுதியில், ரயில் பெட்டியில் இந்தக் கேள்விகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன.

இவற்றுக்கு வாழ்த்துரை பதில் ஆகாது. சா.க. அதைப் புரிந்துகொண்டவர் என்பது அவர் செய்த காரியத்திலிருந்தே தெரிகிறது. வெளியே கேட்ட கேள்விகளைப் பந்தலுக்குள் அழைத்து, அவற்றுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அதற்குப் பழைய பெயர் ஒன்றையும் தேடி எடுத்தார்: பட்டிமண்டபம்.

சிலம்பிலும் மேகலையிலும் உள்ள பெயர். மணிமேகலையில், இருபத்தெட்டு நாள் நடக்கும் இந்திர விழாவுக்கு முரசறைகிறவன் புகார் நகரத்து அறிஞர்களைப் பட்டிமண்டபத்தில் ஏறி வாதிடச் சொல்கிறான். அடுத்த மூச்சிலேயே, பகைவரைக் கண்டால் சண்டை வளர்க்காமல் விலகிப் போங்கள் என்கிறான். கம்பனும் தன் அயோத்தி நகரத்தில் ஒரு பட்டிமண்டபத்தைக் கட்டி வைத்திருக்கிறான். ஆக, கம்பன் விழாவில் கம்பனை விசாரணைக்கு நிறுத்த இடம் தந்தவனே கம்பன்தான்.

பெயர் கிடைத்துவிட்டது. இரண்டு பக்கமும் பேச ஆள் கிடைத்தது. நடுவில் உட்கார யார்?

* * *

இந்தக் கேள்வி இன்று நமக்குச் சின்னதாகத் தெரியலாம். அன்று அது பெரிய கேள்வி.

ஒரு காங்கிரஸ்காரர் உட்கார்ந்தால் திராவிட இயக்கத்து இளைஞன் நம்ப மாட்டான். ஒரு பகுத்தறிவாளர் உட்கார்ந்தால் பக்தர்கள் எழுந்து போய்விடுவார்கள். கல்லூரிப் பேராசிரியர் என்றால் பாடத்தில் சரியாகச் சொல்வார். ஆனால் தரையில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிமாருக்கும் வயலிலிருந்து வந்தவருக்கும் அது எட்டுமா?

இரு பக்கத்தாரையும் சமமாகக் கேட்பார் என்று இரு பக்கத்தாரும் நம்பும் ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் பத்து கிலோமீட்டர் தொலைவில், ஒரு சைவ மடத்தில் இருந்தார்.

* * *

1925 ஜூலை 11. மயிலாடுதுறைப் பக்கம் நடுத்திட்டு என்ற சிற்றூர். சீனிவாசப் பிள்ளை, சொர்ணத்தாச்சி தம்பதிக்கு ஓர் ஆண் குழந்தை. பெயர் அரங்கநாதன்.

சிறு வயதில் அண்ணாமலை நகர்ப் பக்கம் வளர்ந்தான். அங்கே பல்கலைக்கழகத்தில் ஒரு தமிழ்ப் பேராசிரியர். பையன் நாள்தோறும் அவர் வீட்டுக்குப் போய் ஒரு குறளை ஒப்பிக்க வேண்டும்; தப்பில்லாமல் சொன்னால் காலணா. காலணாவுக்காகத் தொடங்கிய குறள் பையனின் நெஞ்சில் ஊறிவிட்டது. பிற்காலத்தில் மடாதிபதியான பிறகும் அவர் எந்த மேடையில் பேசினாலும் பேச்சு வள்ளுவரிடம்தான் வந்து சேரும்.

காலணா தந்த அந்தப் பேராசிரியர் யார் தெரியுமா? ரா.பி. சேதுப்பிள்ளை.

1943 பிப்ரவரியில் சட்டக் கல்லூரி மண்டபத்தில் அண்ணாவுக்கு எதிரே நின்று கம்பனுக்காக வாதாடிய அதே சேதுப்பிள்ளை. கம்பனைக் காப்பாற்ற அன்று பேசியவரிடம் குறள் ஒப்பித்த பையன்தான் பிற்காலத்தில் கம்பன் மேல் தொடுக்கப்பட்ட வழக்குகளுக்கு நடுவராக உட்காரப் போகிறான். வரலாறு இப்படி முடிச்சுப் போடும்போது எழுதுகிறவனுக்குக் கை சற்று நிற்கத்தான் செய்கிறது.

அரங்கநாதன் இளைஞனானதும் தருமபுரம் ஆதீனத்துக்கு வேலைக்குப் போனார். போனவர் துறவு பூண்டு கந்தசாமித் தம்பிரான் ஆனார். 1949இல் குன்றக்குடித் திருவண்ணாமலை ஆதீனத்துக்கு இளவரசாக வந்தார். 1952இல் அதன் 45ஆம் தலைவர். முப்பது வயது நிரம்பவில்லை. தெய்வசிகாமணி அருணாசல தேசிக பரமாசாரிய சுவாமிகள் என்பது பட்டத்துப் பெயர். நாடு அழைத்த பெயர் குன்றக்குடி அடிகளார்.

* * *

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஏனென்றால், நடுவர் நாற்காலிக்கான தகுதி அவருக்கு மடத்தின் பட்டத்தால் வரவில்லை. பட்டத்துக்கு வந்த கையோடு அவர் எதிர்கொண்ட ஒரு மோதலால் வந்தது.

ஐம்பதுகளின் தொடக்கம். பெரியார் பிள்ளையார் சிலை உடைப்புக்கு நாள் குறித்த காலம். கோயிலும் மடமும் மக்களைச் சுரண்டுகின்றன என்று தமிழ்நாடெங்கும் கூட்டங்கள். இளம் மடாதிபதி எதிர்த்துக் கிளம்பினார். 1952இல் அருள்நெறித் திருக்கூட்டம் கண்டார். ஊர் ஊராகப் போய்ச் சமயம் பேசினார். பெரியார் ஒரு மேடை போட்டால் அடிகளார் இன்னொரு மேடை. பல்லக்கில் போகும் மடாதிபதியைப் பார்த்துப் பழகிய மக்கள், தெருமுனைக்கு வந்து பேசும் மடாதிபதியை அப்போதுதான் பார்த்தார்கள்.

பேசப் பேச அவருக்கு ஒன்று தெரிந்தது. எதிர்த்தரப்பு சொல்வதில் ஒரு பகுதி உண்மை. கோயிலுக்குள் சாதி இருக்கிறது. மடத்துக்கும் பசித்தவனுக்கும் நடுவே சுவர் இருக்கிறது. இதை மறுத்துப் பேசினால் பொய் பேசியதாகும்.

பிறகு ஈரோட்டில் இருவரும் நேரில் சந்தித்தார்கள். பேசினார்கள். கடவுள் பற்றிய கருத்தில் யாரும் யாரையும் மாற்றவில்லை, மாற்றிக்கொள்ளவும் இல்லை. ஆனால் அதன்பின் ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள். சாதி ஒழிப்பிலும் தமிழிலும் தோளோடு தோள் நின்றார்கள். குன்றக்குடிக்கு வந்த பெரியாருக்கு மடத்து மரபுப்படி வரவேற்பு தந்து அடிகளார் திருநீறு அணிவித்தார் என்றும், பெரியார் அதைத் தட்டவில்லை என்றும் இந்தப் பக்கத்தில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

பழமைவாதிகள் அடிகளாரைச் சும்மா விடவில்லை. நாத்திகரோடு கைகோத்த சாமியார் என்றார்கள். அவர் கவலைப்படவில்லை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இறங்கி வழக்கையும் சந்தித்தார். காவி கட்டிய ஒருவர் மொழிக்காகச் சட்டத்தின் முன் நின்றதைத் தமிழ்நாடு பார்த்தது.

இப்போது சொல்லுங்கள். கம்பன் நல்லவனா கெட்டவனா என்று இரண்டாகப் பிளந்து கிடந்த ஒரு நாட்டில், இரண்டு பக்கமும் நம்பக்கூடிய நடுவர் வேறு யார்?

இன்னொன்றும் உண்டு. அவர் சைவர். சைவ மடத்தின் தலைவர். இராமகாதையோ திருமாலின் அவதாரக் கதை. இராமனைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. தாழ்த்த வேண்டும் என்ற ஆசையும் இல்லை. காரைக்குடி மேடையின் சிறப்பே இந்தக் கலப்புதான். விழாவை நடத்துகிறவர் காந்தியவாதி; 1962இல் சுதந்திராக் கட்சியின் சார்பில் காரைக்குடிச் சட்டமன்ற உறுப்பினர் ஆனவர். கம்பனைப் பாடிப் பரவசப்படுகிறவர் பொதுவுடைமைத் தலைவர் ஜீவா. கம்பனில் தோய்ந்து தோய்ந்து எழுதுகிறவர் நாகூரில் பிறந்த நீதிபதி மு.மு. இஸ்மாயில். இராவணனின் மாட்சியையும் வீழ்ச்சியையும் சேர்த்து எடைபோடுகிறவர் அ.ச. ஞானசம்பந்தன். நடுவில் குன்றக்குடி அடிகளார். இத்தனை பேரையும் வேறு எந்தக் காரணம் சொல்லி ஒரே பந்தலுக்குள் கொண்டுவர முடியும்?

* * *

பட்டிமண்டபத்தின் மேடையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

நடுவில் ஒரு மேசை. அதன் மேல் ஒரு கைமணி, ஒரு கடிகாரம், குறிப்பெடுக்க வெள்ளைத் தாள். நடுவருக்கு வலப்பக்கம் ஓர் அணி, இடப்பக்கம் ஓர் அணி. அணிக்கு ஒரு தலைவர், அவரோடு இரண்டு அல்லது மூன்று பேர். முதலில் நடுவர் எழுந்து வழக்கு இன்னது என்று விளக்குவார். பிறகு மாறி மாறிப் பேச்சு. நேரம் முடிந்தால் மணி. மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருந்தால் இரண்டாவது மணி. கடைசியில் அணித்தலைவர்கள் தங்கள் தரப்பைத் தொகுத்துச் சொல்வார்கள். அதன் பிறகு நடுவர் தீர்ப்பு.

பரிசு கிடையாது. கோப்பை கிடையாது. ஆனாலும் போட்டி கடுமை. தீர்ப்பு தன் பக்கம் வர வேண்டும் என்ற துடிப்பில் பேச்சாளர்கள் மாதக்கணக்கில் கம்பனைப் புரட்டுவார்கள். எதிரணி எந்தப் பாட்டை எடுக்கும், அதற்கு எந்தப் பாட்டால் மறுப்பது என்று இரவிரவாக யோசிப்பார்கள். பத்தாயிரத்துக்கு மேல் பாடல்கள் உள்ள காவியம். எங்கோ ஒரு மூலையில் இருக்கும் பாட்டு ஒன்று வழக்கையே புரட்டிப் போட்டுவிடும். பார்வையாளர்களும் சாதாரணமானவர்கள் இல்லை. பாட்டைத் தப்பாகச் சொன்னால் முதல் வரிசையிலிருந்து திருத்தம் வரும்.

வழக்குகளில் எத்தனை வகை! கற்பில் சிறந்தவள் கண்ணகியா, சீதையா? தம்பியரில் உயர்ந்தவன் பரதனா, இலக்குவனா? சோற்றுக்கடன் தீர்க்க அண்ணனோடு நின்று செத்த கும்பகருணன் பெரியவனா, அறத்தைத் தேடி அண்ணனை விட்டு வந்த வீடணன் பெரியவனா? கைகேயி குற்றவாளியா?

இவற்றில் என்றும் சூடு குறையாத வழக்கு வாலி வதைதான். காரணம், கம்பனே அதை ஒரு வழக்காகத்தான் எழுதியிருக்கிறான்.

மார்பில் தைத்த அம்பைப் பிடித்து இழுத்து, அதில் எழுதியிருக்கும் பெயரைப் படிக்கிறான் வாலி. இராமன் எதிரே வந்ததும் குற்றப்பத்திரிகை தொடங்குகிறது. உன் குலம் என்ன, உன் அப்பன் யார், பரதனுக்கு முன் பிறந்தவனா நீ? அரக்கன் ஒருவன் உனக்குத் தீங்கு செய்தால் குரங்கரசன் ஒருவனைக் கொல்வதா? அதுவும் மறைந்து நின்றா?

இராமன் பதில் சொல்கிறான்: தம்பியைத் துரத்தினாய், அவன் மனைவியைக் கவர்ந்தாய். வாலி விடவில்லை: நாங்கள் விலங்கு, மனிதரின் கற்பு நெறி எங்களுக்கு ஏது? இராமன் திருப்புகிறான்: நல்லது கெட்டது தெரிந்தவன் விலங்கு என்று சொல்லித் தப்ப முடியாது. உடம்பைப் பார்த்து யாரும் விலங்கு ஆவதில்லை. சடாயு பறவைதானே, முதலையின் பிடியில் கூவியது யானைதானே.

அதன் பிறகு வாலி கேட்பதுதான் கடைசிக் கேள்வி: எல்லாம் இருக்கட்டும், எதிரே வராமல் ஒளிந்து நின்றது ஏன்?

இதற்கு இராமன் வாய் திறப்பதில்லை. பதில் சொல்கிறவன் இலக்குவன். உன் தம்பி முன்னமே அடைக்கலம் புகுந்துவிட்டான். எதிரே வந்தால் நீயும் அடைக்கலம் கேட்டுவிடுவாய் என்றுதான் அண்ணன் மறைந்து எய்தான் என்கிறான்.

இராமன் ஏன் மௌனமானான்? சொல்ல விடை இல்லாமலா, சொல்ல வேண்டாம் என்றா? பேச்சாளர் தலைமுறைகள் இந்த இடத்தில்தான் மோதிக்கொண்டிருக்கின்றன. நீதிபதி இஸ்மாயில் ‘மூன்று வினாக்கள்’ என்று தனி நூலே எழுதினார். வழக்கைத் தொடுத்த வாலியே கடைசியில் இராமனை ஏற்றுக்கொள்கிறான். தம்பி குடித்துவிட்டுத் தவறு செய்தால் என் மேல் விட்ட அம்பை அவன் மேல் விடாதே என்கிறான். அண்ணனைக் கொல்வித்தவன் என்று உன் தம்பிமார் அவனை ஏசாமல் பார்த்துக்கொள் என்றும் கேட்கிறான். வாலி சமாதானமாகிவிட்டான். தமிழன் இன்னும் ஆகவில்லை.

1943இல் இந்தக் கேள்வி எரிப்பதா காப்பதா என்று வந்தது. காரைக்குடியில் அதே கேள்வி படிப்பதற்குக் காரணமாக மாறியது. எரிக்கச் சொன்னவரும் படித்துவிட்டு வந்தால்தான் இந்த மேடையில் வெல்ல முடியும். என் கணிப்பில் கம்பன் விழாவின் திருப்புமுனை இதுதான். கம்பனைத் தமிழ்நாட்டில் பிழைக்க வைத்ததில் பெரும்பங்கு அவனைக் குற்றம் சாட்டியவர்களுக்கு உண்டு. இதைச் சொல்ல கம்பன் அன்பர்கள் தயங்க வேண்டியதில்லை.

* * *

நடுவர் என்பவர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு முடிவு சொல்லும் ஆள். அவ்வளவுதான் என்று அடிகளார் நினைக்கவில்லை. வழக்கு காவியத்தைப் பற்றியதாக இருக்கலாம். தீர்ப்பு எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதனைத் தொட வேண்டும் என்று நினைத்தார். அதனால் அவர் தொகுத்துச் சொல்லும்போது அயோத்தியிலிருந்து பேச்சு மெல்ல இறங்கி நம் ஊருக்கு வந்துவிடும். அண்ணன் தம்பி பங்காளிச் சண்டை வரும். சாதி வரும். உழைத்தவன் வயிறு வரும். குகனை இராமன் தம்பியாக ஏற்றுக்கொண்ட கதையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, ஊரில் தனிக் குவளை வைத்திருக்கிறவனுக்கு அந்தப் பேச்சு சுடத்தான் செய்யும்.

நகைச்சுவைத் துணுக்குகளை நம்பியவர் இல்லை அவர். குரல் நிதானம். சொல் தெளிவு. எளிய வாக்கியம். எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை முதலில் எடுத்துக்கொண்டு, அதற்கு உரிய மதிப்பைத் தந்துவிட்டுத்தான் மாறுபடுவார். தோற்ற அணிக்கும் தோற்ற வருத்தம் இருக்காது என்பார்கள் அவரைக் கேட்டவர்கள். பேச்சுக் கலை பழகும் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்: எதிரி சொன்னதை அவர் சொன்னதைவிட நன்றாகச் சொல்லிவிட்டு மறுத்துப் பாருங்கள்.

குன்றக்குடியில் அவர் செய்த மற்ற காரியங்களும் இதே குணத்திலிருந்து வந்தவைதான். கிராமத் திட்டக் குழு அமைத்தார். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்து விஞ்ஞானிகளை மடத்துக்கும் கிராமத்துக்கும் அழைத்து வந்தார். கோயில், கூட்டுறவுச் சங்கம், பள்ளி, ஆய்வகம் எல்லாம் ஒரே திட்டத்தில் சேர்ந்தன. 1982இல் மண்டைக்காட்டில் இந்துக்களும் கிறித்தவர்களும் மோதிக்கொண்டபோது அமைதி பேசப் போனவர்களில் அவர் முன்னே நின்றார். பட்டிமண்டபத்தில் பழகிய நடுவர், இரத்தம் சிந்திய இடத்திலும் நடுவராக நின்றார். அதைத் தனியே ஒரு பகுதியில் விரிவாகச் சொல்ல வேண்டும்.

* * *

இப்போது கதை காரைக்குடியைத் தாண்டுகிறது.

கம்பன் விழாவைப் பார்த்துப் பல ஊர்களில் கம்பன் கழகங்கள் முளைத்தன. புதுச்சேரியில் வந்தது. சென்னையில் நீதிபதி இஸ்மாயில் முன்னின்று தொடங்கினார். சென்னைக் கம்பன் கழகம் 1976இல் கம்பராமாயணத்தை ஒரே தொகுதியாக மூலப் பதிப்பாகவே கொண்டு வந்தது. கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் 1980இல் ஒரு கம்பன் கழகம் எழுந்தது. போரும் இடப்பெயர்வும் துரத்தியபோதும் அது கொழும்பில் விழா எடுத்தது. எல்லா இடத்திலும் பட்டிமண்டபம் கூடவே போனது. வழக்காடு மன்றம் என்று ஒரு கிளை பிரிந்தது: ஒருவர் வழக்குத் தொடுப்பார், ஒருவர் மறுப்பார், ஒருவர் தீர்ப்புச் சொல்வார். சில ஊர்களில் தீர்ப்பு பிடிக்காவிட்டால் மேல்முறையீடும் உண்டு. அடுத்த நாள் மூவர் அமர்வு.

அடிகளார் அதை இன்னோர் இடத்துக்கும் கொண்டு போனார். கோயில் திருவிழாவுக்கு.

தேர் நிலைக்கு வந்த பிறகு இரவில் பாட்டுக் கச்சேரியோ நாடகமோ நடக்கும் திடலில் பட்டிமன்றம் போட்டார்கள். கட்டணம் இல்லை. அழைப்பிதழ் இல்லை. கம்பனை ஒரு வரி படிக்காதவரும் வந்து மண்ணில் துண்டை விரித்து உட்கார்ந்தார். தலைப்புகளும் மாறின. சீதையும் கண்ணகியும் கொஞ்சம் ஒதுங்க, சமுதாயம் மேடையேறியது. வறுமைக்குக் காரணம் விதியா, மனிதனா என்பது போன்ற கேள்விகளை நள்ளிரவு தாண்டியும் ஊர் உட்கார்ந்து கேட்டது. புலவர் கீரன், சரசுவதி இராமநாதன், சத்தியசீலன், சாலமன் பாப்பையா என்று அடுத்த தலைமுறைப் பேச்சாளர்கள் மக்கள் நாவில் புழங்கும் பெயர்கள் ஆனார்கள். பேச்சு ஒரு தொழிலாகவும் ஆனது.

1982 ஜூலையில் சா. கணேசன் மறைந்தார். காரைக்குடியில் அவர் எழுப்பிய கம்பன் மணிமண்டபமும், 1975இல் அடிக்கல் நாட்டப்பட்ட தமிழ்த்தாய் கோயிலும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தன. கோயில் திறப்புக்கு 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே 1993. சித்திரை முதல் நாள், ஏப்ரல் 14. சன் தொலைக்காட்சி தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பட்டிமன்றம் கூடத்துக்கே வந்துவிட்டது. காலையில் குளித்துப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கும் பட்டிமன்றம். நேரம் குறைவு, விளம்பர இடைவேளை உண்டு, சிரிப்பு கட்டாயம்.

1995 ஏப்ரல் 15. குன்றக்குடி அடிகளார் மறைந்தார்.

இரண்டு பக்கமும் நம்பிய அந்த நாற்காலி காலியானது. கோடிக்கணக்கானவர்கள் வீட்டிலிருந்தபடியே பார்க்கிற அரங்கம் அதே வேளையில் திறந்தது. தரையில் துண்டு விரித்து உட்கார்ந்து, பாட்டைத் தப்பாகச் சொன்னால் திருத்திய கூட்டத்துக்கு அந்த அரங்கத்தில் இடம் இருந்ததா? இனித் தீர்ப்பு நடுவருடையதா, கைதட்டலுடையதா?

(அடுத்த வாரம் தொடரும்)